கையிருப்பில் ஐந்தாவது ஆத்துமா

இரத்தோட்டைக்கு மேலே, பஸ் இனி ஏறாது என்று திரும்பிவிடுகிற இடத்திலிருந்து நாலு மைல் நடந்தால் மேல்கந்தைத் தோட்டம். அங்கே ஒரு வேதக்கோயில். தகரக் கூரை, பதினாறு பெஞ்சு, ஓர் ஆர்மோனியம், அறுபத்தொரு அங்கத்தவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாத்தளையிலிருந்து போதகர் வந்து அப்பமும் திராட்சரசமுமாக இராப்போசனம் கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் சபைச் செயலாளர் சாலமோன் கணக்கப்பிள்ளை வேதம் வாசிப்பார், ராசம்மா பாட்டை எடுத்துக் கொடுப்பாள், எல்லோரும் பாடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். லயத்து வரிசை வீடுகளில் யாருக்காவது காய்ச்சல் என்றால் நாலு வீட்டிலிருந்து கஞ்சி போகும். காய்ச்சல்காரன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்று யாரும் விசாரித்ததில்லை. சபை என்றால் இவ்வளவுதான் என்று அந்த ஜனங்கள் எழுபது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அது எவ்வளவு பெரிய அறியாமை என்பது 1970ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்த பிறகுதான் தெரிந்தது. சபைகளின் சங்கம் 'ஆரோக்கிய வளர்ச்சி ஆணைக்குழு' என்று ஒன்றை நியமித்திருந்தது. அதில் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரும் நுவரெலியாவில் நாலு நாள் தங்கி, குளிரையும் பொருட்படுத்தாமல் ஜெபித்து, ஒரு சபை ஆரோக்கியமாக வளர்கிறதா என்று கண்டறிய ஏழு அடையாளங்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். முதலாவது அடையாளம், அங்கத்தவர் தொகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடியிருக்க வேண்டும். இரண்டாவது, கூடிய விதத்தை வரைபடமாக வரைந்து கோயிலில் தொங்கவிட வேண்டும். மூன்றாவது, வரைபடத்தின் பிரதியைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். நாலாவதிலிருந்து ஏழாவது வரை அனுப்பிய பிரதி கிடைத்ததா என்று விசாரிப்பதைப் பற்றியது. அன்பு, பொறுமை, தரித்திரரை விசாரித்தல் ஆகியவை அநுபந்தத்தில் உள்ளதாக ஒரு குறிப்பு இருந்தது. அநுபந்தம் இன்னும் அச்சாகவில்லை.

வளர்ச்சி காட்டாத சபை 'பராமரிப்புச் சபை' என்று மாற்றப்படும். அப்படி மாற்றப்பட்டால் போதகர் மாதத்துக்கொரு முறை வரமாட்டார், மூன்று மாதத்துக்கொரு முறைதான் வருவார். ஆர்மோனியத்தை வளர்கிற சபை எதற்காவது கொடுத்துவிடுவார்கள். கணக்கப்பிள்ளை இதை வாசித்து முடித்தபோது பெஞ்சுகளில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை றாத்தல் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், அரைச் சம்பளம். கர்த்தரும் அரைப்பேர் போடத் தொடங்கிவிட்டார் என்று பின் பெஞ்சில் யாரோ சொன்னார்கள்.

அந்தப் பின் பெஞ்சில்தான் ராசையா இருந்தான். கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிச் சாய்ப்பது அவன் தொழில். ஆகவே வளர்ச்சியைப் பற்றித் தன்னிடம் யாரும் கேட்கப் போவதில்லை என்று நிம்மதியாக இருந்தான். அவன் பிறந்ததிலிருந்து கிறிஸ்தவன். அவன் மனைவி அழகாயி அப்படியில்லை. மாரியம்மன் கோயில் குடும்பத்துப் பெண். கல்யாணம் ரெஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. அவன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவான், அவள் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவாள், இரண்டு பேரும் சண்டை போட வேறு விஷயங்கள் நிறைய இருந்தன.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவர்களுடைய பிள்ளை இரண்டு வயதில் வயிற்றுப்போக்கில் செத்துப்போயிற்று. அப்போது ராசம்மாவும் இன்னும் நாலு பெண்களும் வேலை விட்டதும் நேரே வந்து அழகாயியின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாற்பது நாள். யாரும் வேதம் சொல்லவில்லை. ஒருத்தி தலையை வாரிவிட்டாள், ஒருத்தி அடுப்பைப் பார்த்தாள். அழகாயி அதைப் பற்றி யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. பேசாமலே மூன்று வருஷம் மனதில் வைத்திருந்தாள்.

இதற்கிடையில் வளர்ச்சி வேகமாக நடந்துகொண்டிருந்தது. பலிபீடத்துக்குப் பக்கத்தில் பத்துக் கட்டளைப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. வரைபடத்துக்கு அதைவிட வெளிச்சமான இடம் இல்லாததால் பத்துக் கட்டளைகளைக் கழற்றி ஆர்மோனியத்துக்குப் பின்னால் சாத்தி வைத்தார்கள். இரத்தோட்டையில் யாகூப் நானாவின் கடையில் பெரிய கட்டம் போட்ட தாள் வாங்கி வந்து, சிவப்புப் பென்சிலால் கணக்கப்பிள்ளையே கோடு போட்டார். நம் கோயிலுக்குப் போதகர் வராமல் போய்விடக் கூடாது என்ற உண்மையான பயம் எல்லோருக்கும் இருந்தது. அந்தப் பயத்தில் முதல் மூன்று மாதத்திலேயே ஏழு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் வருஷக் கணக்காக வந்துகொண்டிருந்தவர்கள்தான். கோடு கூரையைப் பார்த்து ஏறியது.

கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. உங்கள் சபையின் ஆற்றல் எங்களை மகிழ்விக்கிறது, ஆகவே இனி ஒவ்வொரு காலாண்டும் உங்களிடம் ஏழு பேரை எதிர்பார்க்கிறோம் என்று எழுதியிருந்தது. சாலமோன் கணக்கப்பிள்ளை அந்தக் கடிதத்தை இரண்டாந்தரமும் வாசித்தார். முப்பத்தோரு வருஷம் கொழுந்தைத் தராசில் நிறுத்தவர் அவர். மழைக்குப் பிறகு கொழுந்து நிறைய இருக்கிறதே என்று ஆசைப்பட்டு ஒருத்தி கூடுதலாக எடுத்தால், மறுநாளே எல்லோருடைய பேருக்கும் றாத்தலை ஏற்றிவிடுவார்கள். ஏற்றிய றாத்தல் இறங்காது. அவரே எத்தனை தடவை ஏற்றியிருக்கிறார். இப்போது தன் தலையிலேயே அது வந்து விழுந்துவிட்டது.

மூன்று நாள் தூங்காமல் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஏழு பேர் சேர்ந்தது அறியாமையால் நடந்த பிழை என்றும், இனி அப்படி நடவாதென்றும், காலாண்டுக்கு ஓர் ஆத்துமா என்பதே இந்த மலைக்குச் சுகமான அளவு என்றும் எழுதி, போதகரையும் கையெழுத்துப் போட வைத்தார். ஆணைக்குழு கருணை கூர்ந்து ஒன்றாகக் குறைத்தது. அன்றிலிருந்து மேல்கந்தைக் கோயிலில் கையிருப்பு முறை தொடங்கியது. ஞானஸ்நானம் கேட்டு யார் வந்தாலும் கணக்கப்பிள்ளை சந்தோஷமாகப் பெயரை எழுதிக்கொண்டு, உட்காரும் என்பார். காலாண்டு முடியும்போது வரிசையில் முதலில் நிற்பவரை எடுத்துக் கொடுப்பார். மீதிப் பேர் கையிருப்பு.

பழைய பங்களாச் சமையல்காரர் யோசேப்பு டிசம்பரில் படுக்கையில் விழுந்தபோது கணக்கப்பிள்ளை தினமும் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தார். இவ்வளவு அன்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஜனங்கள் வியந்தார்கள். முப்பத்தோராந் திகதி தாண்டும் வரைக்கும் மனதைத் தளரவிடக் கூடாது என்று அவர் கிழவர் காதில் சொல்லிக்கொண்டிருந்ததை ராசம்மா ஒருத்திதான் கேட்டாள். யோசேப்பு இருபத்தொன்பதாந் திகதி தளர்ந்துவிட்டார். மறுநாள் அடக்கம் நடந்தது. ஆனால் பதிவேட்டில் அவர் புதுவருஷத்தையும் நல்ல சுகத்தோடு கண்டு, ஜனவரி இரண்டாந் திகதிதான் கண்ணை மூடினார்.

இந்த நிலையில்தான் ராசையாவுக்கு இந்திய பாஸ்போட் வந்தது. இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் அவனும் அழகாயியும் இந்தியாவின் பங்கு. மார்ச் மாதம் முடிவதற்குள் தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும். போகிற ஊர் திருச்சிப் பக்கம் எங்கோ இருக்கிறதென்று அவன் அப்பன் சொன்னது. அப்பனும் அதைக் கண்ணால் பார்த்தவனில்லை.

பாஸ்போட் வந்த அன்று சாயந்திரம் அழகாயி சொன்னாள்: "நானும் ஞானஸ்நானத் தண்ணி வாங்கிக்கிறேங்க. அங்க போனா நாம யாருன்னு சொல்றதுக்கு ஒரு நாதி இருக்காது. என்னத் தெரிஞ்ச சனம், எம் புள்ளயக் குழிக்குத் தூக்கிட்டுப் போன சனம், இங்கதான் இருக்கு. இவங்களுக்கு முன்னாடி வாங்கிக்கிட்டுப் போறேன்."

எட்டு வருஷக் குடித்தனத்தில் ராசையா ஒருநாளும் அவளை அப்படிக் கேட்டதில்லை. மறுநாள் காலையிலேயே கணக்கப்பிள்ளையின் வீட்டுக்கு ஓடினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அழகாயி என்று அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதிவிட்டு, ஐந்தாவது ஆள் என்றார். வரிசைப்படி வந்தால் அடுத்த வருஷம் மார்ச் மாதம்.

இந்த வருஷம் மார்ச்சில் கப்பல் என்று ராசையா சொன்னான். கணக்கப்பிள்ளை பென்சிலைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் அவனை உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னார்.

"இங்க பாரு ராசையா. நீ கப்பல் ஏறுனா இந்தக் காலாண்டுல எனக்கு ஒரு ஆள் கழியும். அத நான் எப்படியோ சமாளிச்சுருவேன். உம் பொண்சாதியச் சேத்துக்கிட்டு ரெண்டு பேரும் ஏறுனா, ஒண்ணக் கூட்டி ரெண்டக் கழிக்கணும். சேந்து மூணு வாரங்கூட ஆவாது. கொழும்புல என்னா கேப்பாங்க? இது என்னா சபையா, பஸ் ஸ்டாண்டான்னு கேப்பாங்க. அவ சேராமப் போனா யாருக்கும் நட்டமில்ல."

அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் ராசையாவுக்கு விளங்கவில்லை. மாத்தளைக்குப் பஸ் ஏறிப் போதகரிடம் போனான். போதகர் மெலிந்த மனுஷர், ஏழு கோயிலுக்கு ஒருவர், எந்தக் கோயிலுக்கும் முழுதாக ஆகாமல் களைத்துப் போயிருந்தவர். அவன் சொன்னதை முழுதும் கேட்டார். ஆணைக்குழுவின் படிவம் இல்லாமல் ஞானஸ்நானம் கொடுத்தால் தன்னை மன்னாருக்கு மாற்றிவிடுவார்கள் என்றார். பிறகு, ஆணைக்குழுவே நேரில் பார்வையிட வருகிறது, அப்போது தலைவரிடம் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி, அவனுக்குப் பஸ் காசு கொடுத்து அனுப்பினார்.

ஆணைக்குழு மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை வந்தது. கார் மேலே ஏறாததால் நாலு மைலும் நடந்து வந்தார்கள். பதினொரு பேரில் நாலு பேர்தான் கடைசி வரை வந்து சேர்ந்தார்கள், மற்றவர்கள் இரத்தோட்டையிலேயே ஆரோக்கியத்தை உத்தேசித்துத் தங்கிவிட்டார்கள். தலைவர் கனம் நடராஜா ஐயா தடித்த மனுஷர், கறுப்புக் கோட்டு, கையில் தோல்பை. தோல்பைக்குள் அந்தக் காலாண்டுக்குரிய ஞானஸ்நானச் சான்றிதழ் மூன்று பிரதிகளாகக் கொழும்பிலேயே அச்சடிக்கப்பட்டு, பெயர், திகதி எல்லாம் நிரப்பப்பட்டு, முத்திரையும் வைத்துத் தயாராக இருந்தது. வளர்ச்சி தங்கள் கண்முன்னே நடக்க வேண்டும் என்பது ஆணைக்குழுவின் விருப்பம். பெயர், வரிசையில் முதலில் நின்ற சலவைத் தொழிலாளி மாடசாமியுடையது. இனி மாடசாமி மத்தேயு.

கோயில் நிறைந்திருந்தது. தலைவர் முதலில் வரைபடத்தின் முன்னால் நின்று ஒரு நிமிஷம் தலைவணங்கினார். பிறகு பேசினார்.

"அன்பானவர்களே, வளர்ச்சி இரண்டு வகைப்படும். எங்களுக்கு அறிவிக்கப்பட்ட வளர்ச்சி, அறிவிக்கப்படாத வளர்ச்சி. முதலாவது ஆரோக்கியமானது. இரண்டாவது எத்தனை பெரியதாக இருந்தாலும் அதை ஆரோக்கியம் என்று நாங்கள் சொல்வதற்கில்லை. ஆதித் திருச்சபையிலே ஒரே நாளில் மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள் என்று வாசிக்கிறோம். அதை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் அடுத்த காலாண்டில் அவர்களால் அதே தொகையைக் காட்ட முடிந்ததா? அதற்கு ஓர் ஆதாரமும் இல்லை. அப்போஸ்தலர்கள் நல்லவர்கள். ஆனால் அவர்களுக்கு ஓர் ஆணைக்குழு இருக்கவில்லை."

நிகழ்ச்சிநிரலில் ஒன்பதாவதாக, 'சாதாரண அங்கத்தவர் ஒருவரின் குரல், இரண்டு நிமிடம்' என்று இருந்தது. கணக்கப்பிள்ளை ராசையாவை முதுகில் தட்டி எழுப்பினார். தலைவர் அவனைப் பார்த்து, நீர் என்ன தொழில் செய்கிறீர், வளர்ச்சியைக் குறித்து உம்முடைய அனுபவம் என்ன என்று கேட்டார்.

"நான் வெட்டுறவனுங்க," என்றான் ராசையா. "கவ்வாத்து. வெட்டாம வுட்டா தேயில மரமாப் போயிருங்க. ஒசரமா இருக்கும், பாக்க நல்லாருக்கும். கொழுந்துதான் இருக்காது."

தலைவர் அதை ஆழ்ந்த சிந்தனையோடு குறித்துக்கொண்டார். கவ்வாத்து விஷயத்தைப் பரிசீலிக்க ஏழு பேர் கொண்ட உபகுழு ஒன்றை அமைக்கலாம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். ராசையா உட்காரவில்லை. இரண்டு நிமிஷம் இன்னும் முடியவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அவன் அழகாயியைப் பற்றிச் சொன்னான். கப்பலைப் பற்றிச் சொன்னான். செத்துப்போன பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிட்டான், சொல்ல நினைத்திருக்கவில்லை. கோயிலில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

தலைவரும் உருகித்தான் போனார். "சகோதரனே, உம்முடைய வேதனை எனக்கு விளங்குகிறது. ஆனால் இதை நினைத்துக்கொள்ளும். ஆத்துமா காத்திருக்கும். அறிக்கை காத்திருக்காது," என்றார்.

அடுத்தது ஞானஸ்நானம். மாடசாமியைக் கூப்பிட்டார்கள். மாடசாமி வரவில்லை. ஆள் அனுப்பித் தேடினால், அவன் விடியற்காலையிலேயே மாத்தளைக்குப் போய்விட்டது தெரிந்தது. அன்று மாசித் தேர். ஒவ்வொரு வருஷமும் தேர் வீதியில் சர்பத் கடை போடுகிறவன் அவன். பத்து மாதம் என்னைக் காக்க வைத்தவர்கள் ஒரு தேர் முடியும் வரைக்கும் காத்திருக்க மாட்டார்களா என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

கணக்கப்பிள்ளை வரிசைப் பட்டியலைப் பிரித்தார். கையிருப்பில் மீதி மூன்று பேரும் ஆணைக்குழுவின் மற்ற ஏழு பேருக்குச் சாப்பாடு கொண்டு இரத்தோட்டைக்கு இறங்கியிருந்தார்கள். அவர் ராசையாவின் காதருகே குனிந்து, உம் பொண்சாதி எங்கே, ஓடு, கூட்டிட்டு வா என்றார்.

ராசையா ஓடிய ஓட்டத்தை மலையில் இருந்தவர்கள் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். அழகாயி மேல்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துவிட்டு, அன்றைக்கு அரைப்பேர் என்று தெரிந்தும் அவனோடு இறங்கி வந்தாள். கையெல்லாம் கொழுந்துக் கறை. கோயில் வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ராசம்மா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் தலையில் போட்டுவிட்டாள். அந்த நிமிஷத்தில் ராசையாவுக்குக் கணக்கப்பிள்ளையின் மேலும், ஆணைக்குழுவின் மேலும், அந்தச் சிவப்புக் கோட்டின் மேலும்கூட அன்பு வந்துவிட்டது.

போதகர் கிண்ணத்தில் தண்ணீரோடு நின்றார். தலைவர் சான்றிதழைக் கையில் எடுத்து, நல்ல குரலில் வாசித்தார்: "மாடசாமி மத்தேயு. ஆண். வயது முப்பத்தெட்டு."

அழகாயி திரும்பிப் பார்த்தாள். தனக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

"யாரங்க கூப்புடுறீங்க?" என்று கேட்டாள்.

தலைவர் புன்னகையோடு விளக்கினார். சான்றிதழ் மூன்று பிரதிகளாக அச்சாகிவிட்டது. அதைத் திருத்தக் கூடாது, திருத்தினால் முத்திரை செல்லாது. இந்தக் காலாண்டில் அவள் மாடசாமியாக ஞானஸ்நானம் பெற்றுக்கொள்வாள். அடுத்த காலாண்டில் மாடசாமி அழகாயியாகப் பெற்றுக்கொள்வான். ஆண்டு முடிவில் இரண்டும் சரியாகிவிடும். "பெயர் என்பது என்ன சகோதரி, எண்ணிக்கைதான் முக்கியம்," என்றார்.

அழகாயி போதகரின் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது வேண்டும் என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. கப்பலுக்கு இன்னும் எட்டே நாள். வாங்கிக்கொள், என்ன பெயராக இருந்தால் என்ன, வாங்கிக்கொள் என்று ராசையா உள்ளுக்குள் கெஞ்சினான்.

"எம் பேரச் சொல்லாம ஊத்துற தண்ணி எனக்கு வேணாங்க," என்றாள் அழகாயி. தலையிலிருந்த ராசம்மாவின் துண்டை எடுத்து மடித்து அவள் கையிலேயே கொடுத்தாள். பிறகு பக்கத்து வாசல் வழியாக வெளியே போனாள்.

தலைவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அநுபவசாலி. நிகழ்ச்சிநிரலில் அடுத்ததாக இருந்த தம்முடைய கட்டுரையை, 'ஆரோக்கிய வளர்ச்சியில் கீழ்ப்படிதலின் பங்கு', எடுத்து வாசிக்கத் தொடங்கினார். வாசிக்கிற கண்ணாடியை மாட்டினால் அவருக்குத் தாளைத் தவிர வேறெதுவும் தெரியாது. முதலாம் பக்கத்தில் ராசையா எழுந்து போனான். இரண்டாம் பக்கத்தில் ராசம்மா போனாள். மூன்றாம் பக்கத்தில் போதகர், தமக்கு வயிற்றைக் கலக்குவதாக ஆணைக்குழு எழுத்தரிடம் மெல்லச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, அங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி வெளியேறினார். அதன்பிறகு பெஞ்சு பெஞ்சாகக் காலியாயிற்று.

கோயிலுக்குக் கீழே லயத்துப் பீலி. மலையிலிருந்து வரும் தண்ணீர் மூங்கிலில் இறங்கி இராப்பகலாக ஊற்றிக்கொண்டிருக்கும் இடம். அழகாயி அங்கே கையிலிருந்த கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். போதகர் சேற்றில் வழுக்கி விழாமல் ராசையாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வயிறு எப்படியிருக்கிறது ஐயா என்று ராசம்மா கேட்டாள். இப்போது பரவாயில்லை என்றார் போதகர்.

"என்ன பெயர் வைக்கட்டும் அம்மா?" என்று அழகாயியிடம் கேட்டார். எஸ்தர், மார்த்தாள், ராகேல் என்று வழக்கமாகச் சொல்கிற பெயர்களையும் சொன்னார்.

"அழகாயின்னுதாங்க இங்க எல்லாருக்கும் தெரியும்."

போதகர் பீலியில் கையை நீட்டி, உள்ளங்கை நிறையத் தண்ணீர் பிடித்தார். மூன்று தடவையும் அவள் பெயரைச் சொல்லி ஊற்றினார். அவருடைய குரல் அவ்வளவு உரக்க ஒலித்து அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. வேலை விட்டு இறங்கிக்கொண்டிருந்த கொழுந்துப் பெண்கள் கூடையோடு அப்படியே நின்றார்கள். அதில் பாதிப்பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவர்களும் அழுதார்கள், எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. ராசையா அழகாயியின் ஈரத் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இவ்வளவு சந்தோஷம் தாங்கிப் பழக்கமில்லை.

மேலே தலைவர் கட்டுரையை முடித்து, கண்ணாடியைக் கழற்றினார். எதிரே சாலமோன் கணக்கப்பிள்ளை மட்டும் உட்கார்ந்திருந்தார். எழுத்தர் குறிப்பேட்டில், தொடக்கத்தில் வருகை ஐம்பத்து மூன்று, முடிவில் ஒன்று, வளர்ச்சி எதிர்த்திசையில், என்று எழுதினார்.

ஆணைக்குழு வேகமாக வேலை செய்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. ராசையா குடும்பம் புறப்படுவதற்கு முந்திய நாளே கடிதம் வந்துவிட்டது. பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ராசம்மாவும் மற்றப் பெண்களும் அறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கணக்கப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தோட்டத்து லய அறைக்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை. முகம் செத்த வீட்டு முகமாக இருந்தது.

நின்றபடியே வாசித்தார். மேல்கந்தைச் சபை இன்றுமுதல் பராமரிப்புச் சபை. ஆர்மோனியம் வளர்கிற உக்குவளைச் சபைக்கு அனுப்பப்பட வேண்டும். போதகர் மன்னாருக்கு மாற்றப்படுகிறார். பீலி தோட்டத்துக்குச் சொந்தமானபடியாலும், படிவம் நிரப்பப்படாதபடியாலும், பெற்றவர் அதே காலாண்டில் நாட்டைவிட்டு நீங்குகிறபடியாலும், மேற்படி ஞானஸ்நானம் ஆரோக்கியமற்ற வளர்ச்சி எனக் கண்டு இரத்துச் செய்யப்படுகிறது. அழகாயி என்பவரை ஞானஸ்நானத்துக்கு முந்திய நிலைக்குத் திருப்பி, அந்த விபரத்தை மார்ச் முப்பத்தோராந் திகதிக்கு முன் அறியத்தர வேண்டியது.

ராசையா எழுந்துவிட்டான். கவ்வாத்துக் கத்தி தோட்டத்தில் ஒப்படைத்தாகிவிட்டது நல்லதாயிற்று. அழகாயி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"என்னா, குடுத்தத திருப்பிக் கேக்குறாங்களா?" என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டாள். "தலையில ஊத்துன தண்ணி அன்னைக்கே காஞ்சு போச்சுங்களேய்யா. வேணும்னா வந்து தேடி எடுத்துக்கச் சொல்லுங்க."

முதலில் ராசம்மா சிரித்தாள். பிறகு அறை முழுவதும் சிரித்தது. கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. கட்டி வைத்திருந்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். வந்த கடிதத்துக்கு அன்றே பதில் போடுகிற வழக்கத்தை அவர் முப்பத்தோரு வருஷமாக விட்டதில்லை. எழுதி முடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"கனம் தலைவர் ஐயா அவர்களுக்கு. தங்கள் கடிதம் கிடைத்தது. சகோதரி அழகாயியின் தலையில் ஊற்றப்பட்ட தண்ணீர் அன்றைய தினமே வெயிலில் காய்ந்துவிட்டபடியால், அதைத் திருப்பி அனுப்ப வழியில்லாதிருக்கிறது. மீதித் தண்ணீர் பீலியில் ஓடிக்கொண்டிருக்கிறது. தேவைப்பட்டால் ஆள் அனுப்பிப் பெற்றுக்கொள்ளவும். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள, சாலமோன், செயலாளர்."

அவர் தாளை மடிக்கப் போனார்.

"எம் பேரு வருதே, அந்த எடத்த மட்டும் இன்னொருக்கா படிங்கய்யா," என்றாள் அழகாயி.

அவர் படித்தார்.